அந்தத் தேநீர்க் காணொளிக்கு இதயக்குறி போட்டவர்களுக்கு

அஞ்செட்டிப் பக்கத் தோட்ட வீட்டில் எடுத்த அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆகவே விவரிக்கப் போவதில்லை. மழைக்கு முளைத்த 'போதைக் காளானை' இஞ்சி, எலுமிச்சையோடு கொதிக்கவைத்து, "பக்கவிளைவே கிடையாது" என்று சொல்லும் தம்பியைக் கொண்டாடுபவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதுதான் மருந்துக் கடை வைத்திருக்கும் என்னை எழுதவைத்தது.

அந்தக் குவளையில் என்ன காளான், எத்தனை மில்லிகிராம் என்று தம்பிக்கே தெரியாது. போதைக் காளானில் உள்ள சைலோசைபின் என்ற போதைப்பொருள் உடலுக்குள் சைலோசினாக மாறி, மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் வந்து சேரவேண்டிய ஏற்பிகளில் போய் அமர்கிறது. தேநீராகக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். ஏறியது இறங்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். அதற்குள் கண்மணி விரியும், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடும், குமட்டும், சிலருக்கு உயிரே போவதுபோன்ற பீதி வரும். மனநலச் சிகிச்சைக்காக லித்தியம் மாத்திரை எடுப்பவருக்கு வலிப்பே வரலாம். இதற்குப் பெயர் பக்கவிளைவு இல்லையாம்!

என் பாட்டி தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் புற்றுக்காளான் பறித்தே வளர்ந்தவர். காம்பைத் தோண்டி, அடிவேர் புற்றுக்குள் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மடியில் போடுவார்; சாணக் குப்பையில் முளைத்ததை நாங்கள் தொட்டால் முதுகில் ஒன்று விழும். படிக்காத அவருக்கு இருந்த பயம் இவர்களுக்கு ஏன் இல்லை? பார்வைக்குப் போதைக் காளான் போலவே இருக்கும் சில காளான்களில் உள்ள அமாடாக்சின் என்ற நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் அழியாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டுத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். நடுவில் குணமானதுபோல் காட்டி, பிறகு கல்லீரலில் கைவைக்கும்.

"வெளிநாட்டில் மனச்சோர்வுக்கே இதைத்தானே கொடுக்கிறார்கள்" என்பார்கள். கொடுத்துப் பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. 2022இல் வெளியான ஆய்வில் ஆய்வகத்தில் தயாரித்த சைலோசைபினை 25 மில்லிகிராம் என்று அளந்து, மனச்சிதைவு நோய் உள்ளவர்களை முன்பே விலக்கி, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கொடுத்தார்கள். தம்பியின் அளவுகோல் கைப்பிடி. "டாஸ்மாக்கைக் கேட்டாயா" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. சைலோசைபின் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருப்பதைச் சொன்னால் என்னைக் காவல்துறை ஆள் என்பார்கள், அதையும் விடுகிறேன்.

ஆனால் ஒருவர், "மருந்துக் கடைக்காரருக்கு வியாபாரம் போய்விடும் என்ற வயிற்றெரிச்சல்" என்று எழுதியிருக்கிறார். ஊரடங்கு நாட்களில் நடுஇரவில் என் வீட்டுக் கதவைத் தட்டித் தன் தாயாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிப் போனவர் அவர். மாதக் கணக்கில் கடனும் வைத்திருந்தார்; நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று தெரியாத வியாபாரம் இன்று தெரிகிறது போலும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தேநீரைக் குடித்துவிட்டு வாந்தியோடு வருபவருக்கு என் கடையில் மாத்திரை கிடைக்காது. மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய், குடித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதிலும் எனக்கு என்ன லாபம் என்று, வயிற்றெரிச்சல் என்று எழுதிய அண்ணன் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.