கேட் வால்வை ஏன் வெட்டினீர்கள்?

முந்தாநாள் ராத்திரி ஒருவர் ரீல்ஸ் எடிட்டிங் சொல்லிக்கொடுத்த நேரலையைப் பற்றித்தான். பார்த்தவர்களுக்குப் புரியும். பார்க்காதவர்கள் யார் அவர் என்று இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஆளோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் போட்ட வெட்டோடுதான் சண்டை.

சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றும் வீடியோ, 42 நொடி. யாரோ ஒரு பையன் எடுத்தது. அதைத் திரையில் ஓடவிட்டு, "எங்கெங்க ஆள் தப்பிச்சுப் போறான் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே அங்கேயே எடிட் செய்து 27 நொடியாக்கினார். முன்னால் ஓர் அலறல்: "இந்தத் தப்ப நீங்களும் பண்றீங்க!" நொடிக்கொரு 'வூஷ்' சத்தம். மேலே சிவப்பில் "கடைசி வரை பாருங்க". நடுவில் ஒரு கை, குழாய்க்கு வரும் தண்ணீரை அடைக்கும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடும் 6 நொடி இருந்தது. அதற்கு "டெட் ஸ்பேஸ்", அதாவது ஒன்றும் நடக்காத வெற்று நேரம், என்று பெயர் வைத்தார். வெட்டினார். கைதட்டல் இமோஜி மழையாகக் கொட்டியது.

தண்ணீரை அடைக்காமல் குழாயின் திருகுத் தண்டான ஸ்பிண்டிலைக் கழற்றினால் என்ன ஆகும் என்று கைதட்டிய ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? அந்த 27 நொடியைப் பார்த்து ஸ்பேனரை எடுப்பவர் முகத்தில்தான் அடுத்த மழை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பார்ப்பவர் பாதியில் ஓடிப்போனால் அது அவர் குற்றமில்லை. முதல் ஃப்ரேமில், அதாவது திரையில் வரும் முதல் படத்தில், ஒன்றைக் காட்டிவிட்டு மூன்றாம் நொடியில் வேறெங்கோ போனீர்கள், அவரும் போய்விட்டார். இதற்கு 'மக்களுக்குப் பொறுமை இல்லை' என்று பெயர் வைப்பது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

தங்கமீன் கதையும் வந்தது. வராமல் இருக்குமா? மனிதனின் கவனம் 8 நொடி, தங்கமீனுக்கு 9 நொடி. 2015-ல் மைக்ரோசாஃப்ட்டின் கனடா பிரிவு வெளியிட்ட ஓர் அறிக்கையில் அந்த எண்கள் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் அளந்து கண்டுபிடித்தவை அல்ல, வேறொரு இணையதளத்திலிருந்து எடுத்துப் போட்டவை. அன்றிலிருந்து அந்த மீன் எல்லா வகுப்பிலும் நீந்திக்கொண்டிருக்கிறது. அதே எட்டு நொடி மனிதர்தான் ராத்திரி ஒரு மணிக்கு எவரோ அழுக்குக் கம்பளத்தைத் தேய்த்துக் கழுவுவதை 20 நிமிடம் கண் கொட்டாமல் பார்க்கிறார். அலறல் இல்லை, வூஷ் இல்லை. அழுக்கு போகுமா என்ற ஒரே கேள்வி, அது போய்க்கொண்டே இருக்கிறது.

"அப்ப ஹுக்கே வேண்டாங்கிறீங்களா?" என்று இப்போதே ஒருவர் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பார். கொஞ்சம் பொறுங்கள் சார்.

ஹுக், அதாவது ஆளை ஆரம்பத்திலேயே பிடித்து நிறுத்தும் கொக்கி, வேண்டும். ஃபீடில் யாரும் தம்ப்நெயிலைப் பார்த்து உள்ளே வருவதில்லை, விரல் தள்ளும்போது வந்து நிற்கும் முதல் ஃப்ரேம்தான் வாசல். அந்த ஃப்ரேமில் பொருள் இருக்க வேண்டும், வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க வேண்டும். கை குழாயைத் தொடுவதற்கு 5 ஃப்ரேம் முன்னால் வெட்டி ஆரம்பியுங்கள். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் அது நொடியில் ஆறில் ஒரு பங்கு, அவ்வளவு போதும். கேமராவை ஆன் செய்துவிட்டு நடந்து வந்து நிற்பது, லோகோ சுழல்வது, "வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு" எல்லாம் சேர்ந்து 6 நொடி ஆகிவிட்டால், 42 நொடி வீடியோவில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. இதை வெட்டச் சொன்னால் நானும் கைதட்டுவேன். அலறலும் அதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்கிறது, கொஞ்சம் சத்தமாக.

தமிழில் பேசுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இதை எந்த வகுப்பிலும் சொல்லிக் கேட்டதில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "நம்ம எல்லார் வீட்லயும் அடிக்கடி வர்ற, ஆனா நாம பெருசா கண்டுக்காத ஒரு பிரச்சினை என்னன்னா" என்று ஆரம்பித்தால் 4 நொடி போயிருக்கும், ஒரு தகவலும் வந்திருக்காது. கேட்பவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? "குழாய் சொட்டுதா?" இரண்டே சொல், ஒரு நொடி. அடுத்து, "வாஷர் போயிருக்கும்." பெயரடைகளை அடுக்கிக்கொண்டு போகும் நீள வாக்கியம் மேடைக்கு நன்றாக இருக்கும், ரீல்ஸில் முதல் வாக்கியம் நான்கு சொல்லைத் தாண்டக் கூடாது.

இதே காரணத்தால்தான் மௌனத்தைத் தானாக வெட்டும் கருவி நம் காலை வாருகிறது. தமிழில் வாக்கியம் முடியும்போது குரல் தாழும். "மூடணும்" என்பதில் கடைசி அசை, ஒலிக்கு வைத்த டெசிபெல் வரம்புக்குக் கீழே போய்விடும். கருவி அதையும் மௌனம் என்று நினைத்து நறுக்கும். "மூட" என்று நிற்கும். மூடணுமா, மூடக்கூடாதா? பேச்சு தொடங்கும் இடத்தில் 3 ஃப்ரேம், முடியும் இடத்தில் 6 ஃப்ரேம் மிச்சம் வைத்து வெட்டுங்கள். எல்லா மூச்சையும் எடுக்காதீர்கள். இடைவெளியே இல்லாத பேச்சில் எது முக்கியம் என்று காதுக்குத் தெரியாது. வரம்பை இன்னும் இறுக்கினால் வேகம் வரும் என்று நினைத்துச் செய்து, பேசுபவருக்குத் திக்குவாய் வந்ததுபோல் ஆன வீடியோக்கள் எடிட் மேஜைக்குத் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கின்றன. "ஏதோ சரியில்ல, என்னன்னு தெரியல" என்ற குறிப்போடு.

நொடிக்கொரு வூஷ், நொடிக்கொரு ஜூம். மூன்றாவது வூஷுக்குப் பிறகு காது அதைக் கேட்பதில்லை. ஜூம் என்பது 'இதைப் பார்' என்று விரல் நீட்டுவது. எல்லாவற்றையும் நோக்கி நீட்டினால் எதையுமே நீட்டவில்லை. பழைய வாஷர் விரிந்து கிழிந்திருப்பதைக் காட்டும் இடத்தில் படத்தை 100-லிருந்து 115 சதவீதத்துக்குப் பெரிதாக்கும் ஒரே ஒரு வெட்டு போதும். அதற்கு மேல் இழுக்க வேண்டுமென்றால் பிக்சல் அதிகமுள்ள 4கே-யில் எடுத்திருக்க வேண்டும். 1080-க்கு 1920 அளவில் எடுத்ததை ஒன்றரை மடங்கு இழுத்தால் வாஷரும் தெரியாது, கிழிசலும் தெரியாது.

திரையில் போடும் எழுத்தைப் பற்றிச் சுருக்கமாக. கீழே சுமார் 400 பிக்சல், வலது ஓரம் சுமார் 150 பிக்சல் தளத்தின் பட்டன்களுக்கும் பெயருக்கும் சொந்தம். அங்கே எழுதியது யாருக்கும் தெரியாது. தமிழ்ச் சொல் நீளம், ஒரு வரிக்கு மூன்று சொல், மொத்தம் இரண்டு வரி. தானியங்கி சப்டைட்டிலை அப்படியே விட்டால் ஒரு சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும். சில செயலிகளில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும், ஏற்றுமதி செய்த ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். வாய்விட்டு இரண்டு முறை வாசிக்கும் நேரம் எழுத்து திரையில் இருக்கட்டும்.

பின்னணி இசை குரலைவிட 18, 20 டெசிபெல் கீழே. ஹெட்ஃபோனில் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில், பாதி ஒலியில் கேளுங்கள். குரல் புரியாத இடத்தில் ஆள் ஓடுவார். அதற்கும் அவரைத்தான் திட்டுவோம் இல்லையா?

சரி, அவர் காட்டிய கணக்குக்கு வருகிறேன். நேரலையில் அவர் காட்டியது பார்வை எண்ணிக்கையின் ஸ்கிரீன்ஷாட். "இதே மாதிரி வெட்டின என் வீடியோவுக்கு எவ்ளோ வியூஸ் பாருங்க." யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ, திரும்ப ஓடினாலும் வியூ. இவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கே கிடையாது. பழைய கணக்கு தனியாக உள்ளே இருக்கிறது. அதை ஏன் காட்டவில்லை? யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்தால் எத்தனை சதவீதம் பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்பதும் இருக்கிறது. அதையும்தான் காட்டவில்லை. 2016-ல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது நினைவிருக்கலாம்: சராசரிப் பார்வை நேரத்தைக் கணக்கிடும்போது 3 நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள், அதனால் நேரம் கூடுதலாகத் தெரிந்தது. ஓடிப்போனவர்களை எண்ணாமல் விட்டால் எல்லா வீடியோவும் வெற்றிதான்.

ரிடென்ஷன் கோடு, அதாவது எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சமிருக்கிறார்கள் என்று காட்டும் கோடு, அதை வாசிக்கத் தெரிய வேண்டும். முதல் 2 நொடியில் செங்குத்தாக விழுந்தால் முதல் ஃப்ரேம் தப்பு, அல்லது வீடியோ தப்பான ஆளிடம் போயிருக்கிறது. 3, 4 நொடியில் படி இறங்கினால் காட்டியது ஒன்று, வந்தது ஒன்று. நடுவில் மெதுவாகச் சரிந்தால் கேள்வி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு மேடு தெரிந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். பிடித்துப்போய்த் திரும்பப் பார்த்திருக்கலாம், எழுத்தை வாசிக்க முடியாமல் பின்னால் இழுத்தும் பார்த்திருக்கலாம். அந்த நொடியைப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கடைசியில் "நன்றி" என்ற சொல் வரும் முன்பே, "அவ்ளோதாங்க" என்ற தொனியிலேயே கோடு விழும். அந்தத் தொனியை வெட்டுங்கள்.

"முடிவை ஒளித்து வைத்தால் பார்வை நேரம் கூடுகிறதே?" கூடும். ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவை கூடும். அடுத்த வீடியோவில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் விரல் தானாக நகரும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"அல்காரிதம் அதைத்தான் கேட்குது." உங்களிடம் தனியாகச் சொன்னதா?

"நீங்க பழைய ஆளு." ஆமாம். கேட் வால்வும் பழைய சாமான்தான்.

கமெண்டில் ஒருவர், "நீங்க வெறும் எடிட்டர்தானே, உங்க பேஜ்ல ரீச் எவ்ளோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கும் இமோஜி வேறு. என் பேஜ் ரீச் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் குழாய் வீடியோவில் வால்வு இருக்க வேண்டுமா கூடாதா என்பதற்கு எத்தனை ஃபாலோயர் வேண்டும், சொல்லுங்கள், சேர்த்துக்கொண்டு வருகிறேன். எடிட்டர் என்றால் வெட்டுகிறவன் என்று நினைக்கிறார்கள். எதை வெட்டக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் வருஷங்கள் போகின்றன. இதைச் சொன்னால் பொறாமையாம். இருக்கட்டும். பார்ப்பவரைத் தங்கமீன் என்று சொன்னவருக்குக் கைதட்டல், பார்ப்பவர் முகத்தில் தண்ணீர் அடிக்கும் என்று சொன்னவனுக்குச் சிரிப்பு இமோஜி. அந்தப் பையன் அந்த நேரலையைப் பார்த்திருப்பானா என்பதுதான் ரெண்டு நாளாக மனதில் ஓடுகிறது. தரையில் உட்கார்ந்து, ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்பேனருமாக எடுத்திருக்கிறான். ஃப்ரேம் ஆடுவதிலேயே தெரிகிறது.

"அப்ப நீயே வெட்டிக் காட்டு" என்பார்கள். காட்டுகிறேன்.

முதல் ஃப்ரேம், சொட்டு விழுவதற்குச் சற்று முன். அந்தச் சொட்டுச் சத்தம், இசை வேண்டாம். முன்னாலிருக்கும் 3 நொடி வணக்கம் போகட்டும், கடைசி 3 நொடி நன்றியும் போகட்டும். வால்வுக் காட்சி 6 நொடி தேவையில்லைதான், அதை நானும் சொல்கிறேன். கை வால்வைத் திருகுவது ஒரு நொடி. அங்கிருந்து நேராகத் திறந்த குழாய்க்கு வெட்டு, தண்ணீர்க் கம்பி மெலிந்து, நூலாகி, நின்றுபோவது 2 நொடி. ஆறு மூன்றாயிற்று. மொத்த வீடியோவில் கண் நகராமல் நிற்கும் இடம் அதுதான், ஏனென்றால் அங்கேதான் ஒன்று நம் கண்ணெதிரே மாறுகிறது. அதைத்தான் டெட் ஸ்பேஸ் என்று தூக்கியெறிந்தார்கள். பிறகு ஸ்பிண்டில், கிழிந்த வாஷரில் ஒரு ஜூம், புது வாஷர், இறுக்குவது, வால்வைத் திறப்பது. கடைசி ஃப்ரேம் காய்ந்த குழாய். வீடியோ திரும்ப ஓடும்போது அது சுற்றி முதல் சொட்டுக்கு வந்து ஒட்டும். 42 நொடி 33 ஆகிறது, வால்வு உள்ளேயே இருக்கிறது.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால்: புது வாஷரைக் காட்டும் இடத்தில் அது எத்தனை அங்குலம் என்று எழுத்தில் போடவில்லை நீ. பழையதை எடுத்துப்போய் அதே அளவில் வாங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடு. வலது ஓரத்தில் வைக்காதே, ஷேர் பட்டன் மறைத்துவிடும்.