மலிவு கார்டுக்கு விலை கூடின கம்பியூட்டர் வேணுமாம்

போன ஞாயிறு எங்கள் தோட்டத்து லயத்துப் பையன் (தொழிலாளர் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம்) ஒருத்தன் மழையோடு மழையாக கம்பியூட்டரை உரப்பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். ஏ.எல். என்கிற உயர்தரப் படிப்பு முடித்துவிட்டு, இலங்கை மலைநாட்டு ஹட்டனில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். "அண்ணே, எழுபத்தஞ்சாயிரத்துக்குள்ள புதுசா ஒரு கிராபிக்ஸ் கார்ட் சொல்லுங்க" என்றான். படத்தையும் வீடியோவையும் திரைக்குக் கணக்குப் போட்டுத் தருகிற கார்ட் அது.

மூடியைக் கழற்றினேன். இன்டெலின் நாலாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், பழசு. எங்கோ ஒரு ஒபிஸில் உழைத்துத் தேய்ந்து, ரீகண்டிஷன் என்ற பெயரில் நம்மிடம் வந்த பெட்டி. பவர் சப்ளை லேபலில் 240 வாட் என்றிருந்தது. கார்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க ஒரு ஆறு பின் வயர்கூட இல்லை. நம்ம பக்கம் அநேகம் பேரிடம் இருப்பது இந்த மாதிரிப் பெட்டிதான்.

கொம்பனிக்காரர்கள் 'பட்ஜெட்' என்று சொல்லும்போது இந்தப் பெட்டி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. 2022 ஜனவரியில் ஏஎம்டி 199 டொலருக்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விட்டது. 4 ஜிபி மெமரி, கம்பியூட்டரின் மதர்போர்டோடு பேச நாலே நாலு லேன், அதாவது நாலு தடம். அந்தத் தடத்துக்குப் பெயர் பிசிஐஇ; அதன் 4.0 பதிப்பு உள்ள போர்டில் சமாளிக்கும். பழைய 3.0 போர்டில் தடத்தின் வேகம் பாதியாகி, மெமரி நிறைந்ததும் திக்க ஆரம்பிக்கும். புது போர்ட் வாங்க சல்லி இருக்கிறவன் இந்தக் கார்டை ஏன் தொடப்போகிறான்? எடிட் பண்ணிய வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கிற வீடியோ என்கோடரையும் பிடுங்கிவிட்டார்கள். நம்ம பையனுக்கு வேண்டியதே அதுதான்.

2024 டிசம்பரில் இன்டெலின் ஆர்க் பி580 கார்ட் வந்தபோது நானும் கைதட்டினேன். 249 டொலருக்கு 12 ஜிபி. என்விடியாவோ 299 டொலர் ஆர்டிஎக்ஸ் 4060இல் 8 ஜிபிக்கு மேல் கொடுக்கவில்லை. ஆனால் ரீசைஸபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரேயடியாகத் தொட விடும் வசதி) இல்லாத போர்டில் அந்த ஆர்க் படுத்துவிடும். பத்தாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம் என்று இன்டெலே சொல்கிறது.

என்விடியா வழி வேறு. 2022இல் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050. 2024இல் கணக்குப் போடும் கோர் 2560இலிருந்து 2304 ஆகி, மெமரி பாதை 128 பிட்டிலிருந்து 96க்கு ஒடுங்கி, 6 ஜிபியோடு மறுபடி வந்தது. பெயர் மட்டும் அதே 3050. வேடிக்கை என்னவென்றால், இந்த வெட்டிக் குறைத்த கார்டுதான் தனி வயர் இல்லாமல் 70 வாட்டில் ஓடும். பையனின் பெட்டிக்குப் பொருந்தும்.

போட்டி நடக்காமலும் இல்லை. 2023இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 கடைக்கு வரும் முன்னமே 269 டொலருக்கு இறங்கியது. அடுத்த மாதம் வந்த என்விடியாவின் 4060, 299 டொலர். முப்பது டொலர் இடைவெளிக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குக் கீழே குனிந்து பார்க்க யாருக்கு நேரம்? சிப்பை ஏஐ சர்வருக்கு விற்றால் கிடைக்கிற லாபம் இங்கே வராது.

பையனின் அம்மா கொழுந்து பறிக்கிறார். 2024 செப்டெம்பரில் நாள் சம்பளம் 1350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் எழுபத்தஞ்சாயிரம் என்பது ஐம்பத்தஞ்சு நாளுக்கும் மேலான கொழுந்து. வெட்டிக் குறைத்த கார்டுக்கு அதைக் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் பாவித்த, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்றைத் தேடிப் பிடித்தோம். 4 ஜிபி, தனி வயர் தேவையில்லை, முழுப் பதினாறு லேன், என்கோடரும் உண்டு. 2016 ஒக்டோபரில் 139 டொலருக்கு வந்த கார்ட். அப்போது இந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு.

ஃபேன் மட்டும் கொஞ்சம் கரகரக்கிறது. தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடச் சொல்லியிருக்கிறேன்.