செலவு குறையவில்லை, கூடியது
"நுரையீரல் நோயாளிகளைச் செவிலியர் பார்த்தாலே போதும், செலவும் பாதியாகும் என்று பிரிட்டன் ஆய்வு நிரூபித்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதி நேர்மாறு.

அப்போது கேம்பிரிட்ஜ் அருகே இருந்த பாப்வொர்த் மருத்துவமனையின் ஆய்வு அது, 2002இல் வெளியானது. பங்கேற்ற 80 பேருக்கும் பிராங்கியெக்டாசிஸ், அதாவது மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கும் நோய். ஆஸ்துமாவோ சிஓபிடியோ (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) அல்ல. ஒவ்வொருவரையும் ஓராண்டு மருத்துவரும் ஓராண்டு சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியரும் கவனித்தார்கள். ஒரு வினாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, 12 நிமிடத்தில் நடக்கும் தூரம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் செவிலியர் கவனித்த காலத்தில் மருத்துவமனைச் சேர்க்கையும் ஆன்டிபயாட்டிக் செலவும் கூடின: சராசரியாக ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ 1,500 பவுண்டு அதிகம். இந்த இடைவெளி முதலாண்டில்தான் பெரிது, இரண்டாமாண்டில் வெகுவாகச் சுருங்கியது. அனுபவம் கூடியதால் இருக்கலாம் என்பது என் ஊகம்.

செவிலியர் கவனிப்பை நான் குறை சொல்லவில்லை. பாதுகாப்பானது என்றே அந்த ஆய்வும் காட்டுகிறது. மருத்துவர் பணியிடங்களைக் குறைத்துப் பணம் மிச்சப்படுத்த அதைச் சான்றாகக் காட்டுவதைத்தான் ஏற்க முடியாது.