அடி வாங்கிய பிள்ளைகளும் உளவுத்துறையும்

சின்ன வயதில் அடிபட்டவன்தான் நல்ல உளவு அதிகாரி ஆவான் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. பாதி சரி. மீதிப் பாதியைக் கேட்டால் எரிச்சல் வருகிறது.

சரியான பாதியைப் பார்க்க தருமபுரி மாவட்டத்தில் எங்கள் பென்னாகரம் பக்கம் வாருங்கள். டாஸ்மாக்கிலிருந்து திரும்பும் அப்பா வண்டிக்கு ஸ்டாண்ட் போடும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி விழுமா விழாதா என்று சொல்லிவிடும் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். முகம் பார்த்து மனசைப் படிப்பது, ராத்திரி நடந்ததைக் காலையில் மூச்சுவிடாமல் மறைப்பது எல்லாம் எட்டு வயதிலேயே அத்துப்படி.

உதாரணமும் கிடைக்கும். 13 வயதில் அப்பாவை இழந்து, ராட்டர்டாமிலிருந்து கெய்ரோவில் அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் ஜார்ஜ் பிளேக். பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்ஐ6-இல் இருந்துகொண்டே சோவியத்துக்கு வேலை பார்த்தார். 1961-இல் 42 ஆண்டு தண்டனை, 1966-இல் சிறையிலிருந்து தப்பி மாஸ்கோ போய்விட்டார். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யின் ராபர்ட் ஹான்சென் போலீஸ்கார அப்பாவிடம் மட்டம்தட்டப்பட்டே வளர்ந்தவர். அவரும் ரஷ்யர்களுக்கு ரகசியம் விற்று 2001-இல் பிடிபட்டார்.

இவர்கள் பால்யம் நமக்குத் தெரிந்ததே மாட்டிக்கொண்டதால்தான். ஒழுங்காக ரிட்டயர் ஆகி, பேத்தியை ஸ்கூலில் விட்டுவிட்டு வரும் அதிகாரியிடம் போய் உங்கள் அப்பா அடித்தாரா என்று யாராவது கேட்டார்களா? 1990-களில் கலிஃபோர்னியாவில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், சிறுவயதுத் துன்பங்கள் கூடக் கூட குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, இதயநோய் எல்லாமும் கூடின. காயம் பெரும்பாலும் கொண்டுபோய் விடுகிற இடம் அதுதான்.

இதைவிட எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. உளவு வேலையில் ஒரு பகுதி, அடுத்தவன் எங்கே உடைந்திருக்கிறான் என்று கண்டுபிடித்து அங்கே விரலை வைப்பது. வீரப்பனை 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி பக்கம் சுட்டார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் மலையோர ஜனங்கள் பட்டதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இன்ஃபார்மர் என்று சந்தேகம் வந்தால் அவன் கொல்வான், அவனுக்கு அரிசி கொடுத்ததாகச் சந்தேகம் வந்தால் போலீஸ்காரர்கள் தோலை உரிப்பார்கள். தானே உடைந்து வளர்ந்த அதிகாரிக்கு அடுத்தவனின் பலவீனம் சட்டென்று தெரியும், ஒப்புக்கொள்கிறேன். எந்த இடத்தில் விரலை எடுக்க வேண்டும் என்பதும் தெரியுமா?

போன மாதம் ஒரு பையன் முதுகில் பெல்ட் தடம். ஊர்ப் பெரியவர் ஒருவர், "விடுங்க சார், அடி வாங்குனவன்தான் நாளைக்கு போலீசுல தாக்குப்புடிப்பான்" என்றார். நான் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போட்டேன்.