பிசிஆர் பாசிட்டிவ் என்பதே நச்சுக்குச் சாட்சி அல்ல

சி.டிஃபிசில் என்பது நச்சு சுரந்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குடல் பாக்டீரியா. "மலத்தில் சி.டிஃபிசில் பிசிஆர் (மரபணுச் சோதனை) பாசிட்டிவ் என்றால் குடலில் நச்சு சுரக்கிறது, உடனே வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. பிசிஆர் தேடுவது நச்சை உருவாக்கும் மரபணுவை மட்டும்தான். மரபணு இருந்தும் நச்சு சுரக்காமல், அறிகுறியே இல்லாமல் இந்தக் கிருமியைச் சுமக்கும் உள்நோயாளிகள் உண்டு. நச்சு இருக்கிறதா என்று சொல்வது டாக்சின் ஏ, பி என்ற நச்சுப் புரதங்களைத் தேடும் ஈஐஏ சோதனை.

ஆனால் ஈஐஏ நெகட்டிவ் என்றால் நோயே இல்லை என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. அதன் நுண்ணுணர்வு குறைவு, அதாவது நச்சு இருந்தும் அது தவறவிடலாம். மாதிரி வார்டு மேசையில் கிடந்தாலே போதும்: அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்குள் நச்சு சிதைந்து, சோதனைக்குச் சிக்காமல் போகலாம். உடனே அனுப்புங்கள், முடியாவிட்டால் 2–8 டிகிரியில் வையுங்கள்.

யாருக்குச் சோதிப்பது என்பதுதான் முக்கியம். வேறு காரணமின்றி 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை புதிதாக வயிற்றுப்போக்கு போகிறவர்களுக்கு மட்டும். கெட்டியான மலத்தை அனுப்பவே வேண்டாம். கடந்த 48 மணி நேரத்தில் லாக்டுலோஸ் போன்ற பேதி மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான். குணமான பிறகு மறுசோதனையும் தேவையில்லை, பிசிஆர் வாரக்கணக்கில் பாசிட்டிவாகவே நீடிக்கலாம்.