எழுபதுகளின் பிரேசில் பாடியது விடிவதற்கு முன்னால்

எழுபதுகளின் பிரேசில் இசையைப் பற்றிப் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஒருசில பெயர்களையே சுற்றிவருகின்றன. இராணுவ ஆட்சியின் தணிக்கையோடு போராடிய சிக்கோ புவார்க்கே, இலண்டனில் நாடுகடந்து வாழ்ந்துவிட்டு 1972-இல் திரும்பிய கெய்த்தானோ வெலோசோ, ஜில்பெர்த்தோ ஜில், இவர்களுக்கு முன்பே உலகப் புகழ் பெற்றுவிட்ட பொஸ்ஸா நோவா என்னும் இசைவகை, என்றும் உள்ள சம்பா. இவர்களின் பெருமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் சாவோ பாவுலோ, பரானா, மினாஸ் ஜெராய்ஸ், கோயாஸ், மாத்தோ குரோசோ ஆகிய மாநிலங்களின் உழைக்கும் மக்கள் நாள்தோறும் கண்விழித்தது வேறொரு இசையைக் கேட்டுத்தான். மத்திய அலை வானொலியில், பொழுது விடிவதற்கு முன்பே ஒலிபரப்பான செர்த்தனேஜா என்னும் நாட்டுப்புறப் பாட்டு அது. அதைச் சேர்க்காமல் எழுதப்படும் வரலாறு பாதி வரலாறுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பத்தாண்டுகளில் வானொலி இந்த இசையைக் கெடுத்துவிட்டது என்று கற்றவர்கள் சொல்லிவருவதையும் என்னால் ஏற்க இயலவில்லை.

கரும்பு ஆராய்ச்சிப் பணிக்காகச் சாவோ பாவுலோ மாநிலத்தின் பிரசிகாபா நகரில் தங்கியிருந்தபோது இந்த இசை எனக்கு அறிமுகமானது. இரண்டு பாடகர்கள் மேடையில் எதிரெதிரே நின்று, கேள்வியும் பதிலுமாக அங்கேயே வரி கட்டிப் பாடிப் போட்டியிடும் குருரு என்னும் கலை வேரூன்றிய வட்டாரம் அது. எங்கள் சோதனை வயலில் வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் இந்தப் பாட்டுகளை மணிக்கணக்கில் பாடிக்காட்டக் கூடியவர். வடக்குப் பரானாவில் காப்பித் தோட்டக் கூலிக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு இந்த இசையைக் கற்றுக்கொடுத்தது ஊர்த் திருவிழாவாகவோ தாத்தா வாசித்த வியோலா என்னும் தந்தி வாத்தியமாகவோ இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். வானொலிதான் என்றார் அவர்.

மின்சாரம் இல்லாத தோட்டக் குடியிருப்பில், விறகடுப்புக்கு மேலிருந்த பலகையில் அவர்கள் வீட்டு டிரான்சிஸ்டர் இருந்ததாம். அப்பா எழுந்து அடுப்பு மூட்டுவார், அம்மா காப்பி வடிகட்டுவார், பெட்டியைத் திருகும் உரிமை மூத்த மகனுக்கு. சாவோ பாவுலோ நிலையம் சரியாகப் பிடிக்கும் இடத்தில் முள்ளுக்கு நேராகக் கண்ணாடியின் மேல் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார்கள். மாலை ஏழு மணிக்கு எல்லா நிலையங்களும் கட்டாயமாக ஒலிபரப்ப வேண்டிய அரசுச் செய்தி தொடங்கியதும் பெட்டியை அணைத்துவிடுவார்கள். பேட்டரிக் கட்டைகளின் உயிரை மறுநாள் அதிகாலைக்கென்று மிச்சப்படுத்துவார்கள்.

அதிகாலைக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வாழ்க்கை முறை. பால் கறப்பவரும் காப்பி பறிப்பவரும் நான்கு மணிக்கு எழுவார்கள். சாவோ பாவுலோவின் புறநகர்களிலிருந்து இரண்டு பேருந்து மாறித் தொழிற்சாலைக்குப் போகிறவரும் அதே நேரத்தில்தான் எழுவார். இரண்டாவது காரணம் இயற்பியல். பகலில் சூரிய ஒளியால் உருவாகும் வளிமண்டல மின்னடுக்கு ஒன்று மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். இரவில் அது மறைந்துவிடுவதால், அலைகள் அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். ஆகவே விடிவதற்கு முன் சாவோ பாவுலோவின் ஒரு நிலையத்தை வடக்குப் பரானாவிலும் கோயாஸிலும் கேட்க முடிந்தது. பொழுது ஏற ஏற அது இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். கிராமத்தில் தங்கிவிட்ட தம்பியும் நகரத்துக்குப் போய்விட்ட அண்ணனும் ஒரே பாட்டை ஒரே நொடியில் கேட்க முடிந்த நேரம் அது.

அந்த நேரத்துக்கென்றே தனி அறிவிப்பாளர்கள் உருவானார்கள். அவர்களில் எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்தவர் ஸே பெத்தியோ. சாவோ பாவுலோவின் ரேடியோ ரெக்கார்டு நிலையத்தில் அவர் நடத்திய அதிகாலை நிகழ்ச்சியில் சேவல் கூவும், மாட்டு மணி ஒலிக்கும், எழுந்திருக்க மறுக்கும் சோம்பேறிக் கணவன்மேல் தண்ணீரை ஊற்றச் சொல்லி இல்லத்தரசிகளை நோக்கி அவர் கூவுவார். அந்தக் கூவல் நாடு முழுவதும் பழமொழிபோலப் புழங்கியது. அவரே அக்கார்டியன் வாசித்த இசைக்கலைஞரும்கூட. அவரை மலிவான கோமாளி என்று எழுதிய படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கூலி வேலைக்காகக் கண்விழிக்கும் ஒரு மனிதரை, அவர் ஊர்ப் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு, கூச்சமில்லாமல் விளித்துப் பேசிய குரல் அந்நாட்டின் ஊடகங்களில் அப்போது வேறு எத்தனை இருந்தன?

இந்த இசை வானொலிக்கு வாகாக அமைந்ததில் வியப்பில்லை. இதன் உயிர் இரண்டு பேர் சேர்ந்து பாடுவதில் இருக்கிறது. முதற்குரல் மெட்டை எடுத்துச் செல்ல, இரண்டாம் குரல் மூன்றாம் சுர இடைவெளியில் கூடவே நடக்கும், பிரிவதுமில்லை, முந்துவதுமில்லை. உடன் வரும் வியோலாவில் இரண்டிரண்டாக ஐந்து இணைகளில் பத்து உலோகத் தந்திகள் உண்டு. தந்திகளைத் திறந்த நிலையில் மீட்டினாலே ஒரு முழு இசைவு எழும்படி சுருதி கூட்டியிருப்பார்கள். சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும், மத்திய அலை மிக உயர்ந்த ஒலிகளை வெட்டிவிடும். எஞ்சும் நடுப்பகுதியில்தான் இறுக்கமான அந்த உச்சக் குரல்களும் உலோகத் தந்தியின் கணீரொலியும் குடியிருக்கின்றன. ஒரு முழு வாத்தியக் குழு அந்தச் சின்னப் பெட்டியில் நசுங்கிப்போகும் இடத்தில், இரண்டு குரலும் ஒரு வியோலாவும் அடுப்படிக்குள் நேரே வந்து நின்றன.

இந்த உறவு எழுபதுகளில் திடீரென்று முளைத்ததன்று. காய்ப்பிரா எனப்படும் உள்நாட்டுக் குடியானவரின் பாட்டை இசைத்தட்டில் பதிவுசெய்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று கொலம்பியா நிறுவனத்தின் பிரதிநிதிகள் கைவிரித்தபோது, எழுத்தாளர் கொர்னேலியோ பீரிஸ் 1929-இல் தன் பொறுப்பிலேயே பணம் புரட்டிப் பதிவுசெய்து, தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றுத் தீர்த்தார். அவருடைய உடன்பிறந்தாரின் மகன் அரியோவால்தோ பீரிஸ், கேப்டன் ஃபுர்த்தாதோ என்ற பெயரில் வானொலி நிகழ்ச்சி நடத்தினார். தோனிக்கோ–தினோக்கோ என்று அந்தப் பெரும்புகழ் பெற்ற சகோதரர்களுக்குப் பெயர் சூட்டியவர் அவர்தான். அவர்கள் 1946-இல் வெளியிட்ட ‘சிக்கோ மினெய்ரோ’ ஒரு மாட்டு வணிகனின் கதை. கூடவே பயணம் செய்த நண்பன் திருவிழாவில் கொல்லப்படுகிறான். அவனுடைய ஆவணங்களைப் பார்த்த பிறகுதான் அவன் தன் உடன்பிறந்தவன் என்பது கதைசொல்லிக்குத் தெரியவருகிறது. ஒரு நாவலுக்குரிய துயரத்தைச் சில நிமிடங்களுக்குள் அடக்கிய பாட்டு. எங்கள் வயலில் அதைப் பாடும்போதெல்லாம் அந்த மூத்தவர் கடைசிப் பகுதிக்கு முன் ஒருமுறை நிறுத்தித் தொண்டையைச் சரிசெய்துகொள்வார்.

எழுபதுகளில் மாறியது கேட்பவர்களின் நிலம். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் பிரேசிலில் நகரவாசிகள் முதன்முறையாகக் கிராமவாசிகளை விஞ்சினார்கள். பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேர் நகரத்தில் இருந்தார்கள். இயந்திரம் வந்து கூலியாட்களை வெளியேற்றியது. அதற்கு மேல் 1975 ஜூலை 18 அன்று பரானாவில் இறங்கிய உறைபனி ஒரே இரவில் காப்பிச் செடிகளைக் கருக்கிப்போட்டது. அழிந்த தோட்டங்களில் பெரும்பகுதி மீண்டும் காப்பிக்குத் திரும்பவில்லை. சோயாவும் கோதுமையும் வந்தன, அவற்றுக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. நான் சொன்ன மூத்தவரின் குடும்பமும் அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டதுதான். விறகடுப்பையும் கோழிகளையும் விட்டுவிட்டு, டிரான்சிஸ்டரை மட்டும் அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்தார் என்று அவர் சொன்னார். கண்ணாடியில் போட்ட கீறல் நகரத்திலும் அதே நிலையத்தைத்தான் காட்டியது.

இப்படி இடம்பெயர்ந்தவர்களின் இசை இடம்பெயராமல் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்? பராகுவேயின் குவாரானியா மெட்டுகள் ஐம்பதுகளிலேயே வந்துவிட்டன. கஸ்காத்தின்யா–இன்யானா இணையர் 1952-இல் பாடிப் பெரும்புகழ் பெற்ற ‘இந்தியா’ அப்படி வந்ததுதான். மெக்சிகோவின் மரியாச்சி எக்காளங்கள் வந்தன. லியோ கன்யோத்தோ–ரொபெர்த்தின்யோ இரட்டையர் அறுபதுகளின் இறுதியில் மின்கித்தாரும் டிரம்ஸும் நீண்ட முடியுமாக வந்தபோது தூய்மைவாதிகள் கொதித்தார்கள். அதன் உச்சம் மிலியனாரியோ–ஜோசே ஹிக்கோ இரட்டையர். ஒருவர் மினாஸ்காரர், மற்றவர் வடகிழக்கில் பெர்னாம்புக்கோவில் பிறந்து, பரானாவின் தெஹா ஹிக்காவில் வளர்ந்து, அந்த ஊரின் பெயரையே தன் மேடைப் பெயரில் தாங்கியவர். வாழ்க்கையை நெடுஞ்சாலை ஓட்டமாகச் சொல்லும் ‘எஸ்த்ராதா த விதா’ 1977-இல் வெளிவந்தபோது, சாலை வழியாகவே வாழ்வு மாறிப்போன ஒரு தலைமுறைக்கு அது தன் சொந்தக் கதையாகத் தோன்றியதில் என்ன தவறு? பிரேசிலின் புதிய சினிமா இயக்கத்தின் முன்னோடியான நெல்சன் பெரேரா தோஸ் சாந்தோஸ் 1980-இல் இவ்விருவரையும் நடிக்கவைத்து அவர்களைப் பற்றியே படம் எடுத்தார். இசை விமரிசகர்கள் பலருக்கு இல்லாத காது அந்தத் திரைக்கலைஞருக்கு இருந்தது.

இழப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. தியாவோ கரெய்ரோ தன் வியோலாவில் உருவாக்கிய பகோஜி தாளக்கட்டைக் கேட்டவர்களுக்கு, வியோலா ஒரு கணக்கிலும் உடன்வரும் கித்தார் வேறொரு கணக்கிலும் ஓட, குரல் இரண்டுக்கும் நடுவில் நுழையும் அந்த வித்தை, நயமான வயலின் கூட்டத்துக்குப் பின்னால் வியோலா ஒளிந்துகொண்ட பிற்காலப் பதிவுகளில் கிடைக்காது என்பது உடனே விளங்கும். கதை சொல்லும் நீண்ட பாட்டுகள் குறைந்து, காதல் முறிவின் புலம்பல்கள் பெருகின. அது எனக்கும் வருத்தமே. ஆனால் வருந்துவது வேறு, இகழ்வது வேறு. அன்றைய இகழ்ச்சியில் பெரும்பங்கு இசையை நோக்கியதன்று, அதைக் கேட்ட மனிதர்களை நோக்கியது. நாட்டுப்புறத்தானின் உச்சரிப்பு, அவன் சட்டை, அவன் கண்ணீர் ஆகியவற்றின்மேல் நகரத்துக்கு இருந்த அருவருப்பு, இசை விமரிசனம் என்ற பெயரில் அச்சேறியது.

நடுத்தர வர்க்கமும் இந்த இசையைப் பிறகு கண்டுகொண்டது. ராக் பாடகராகப் புகழ்பெற்றிருந்த செர்ஜியோ ரெய்ஸ், 1973-இல் ‘ஓ மெனினோ த போர்தெய்ரா’ என்ற பழைய பாட்டை மீண்டும் பாடினார். மாட்டு மந்தை கடக்கும்போதெல்லாம் வாயிற்கதவைத் திறந்துவிட்டு, கொம்பு ஊதிக்காட்டச் சொல்லிக் கேட்கும் சிறுவனை ஒரு மாடு கொன்றுவிட, இனி அந்த இடத்தில் கொம்பு ஊதுவதில்லை என்று மந்தையோட்டி சபதம் செய்யும் பாட்டு அது. 1977-இல் புகழ்பெற்ற பாடகி எலிஸ் ரெஜினா, ரெனாத்தோ தெய்ஷெய்ராவின் ‘ஹோமாரியா’வைப் பாடினார். ஒரு குடியானவன் அப்பரெசிதா மாதாவின் திருத்தலத்துக்குப் போய், செபிக்கத் தெரியாததால் தன் பார்வையையே காணிக்கையாக்கும் பாட்டு. 1980-இல் தொடங்கிய ‘வியோலா, மின்யா வியோலா’ தொலைக்காட்சி நிகழ்ச்சியை 2015-இல் இறக்கும்வரை நடத்திய இனெசித்தா பாரோசோ, பழைய பாட்டுகளுக்கும் பாடகர்களுக்கும் செய்த தொண்டுக்கு ஈடில்லை. இவர்கள் எல்லாரையும் நான் மதிக்கிறேன். எனினும், எலிஸின் குரலில் கேட்டபின் படித்தவர்கள் ‘கண்டுபிடித்த’ இசை அவர்கள் வீட்டுச் சமையலறையில், வேலைக்கார அம்மாவின் டிரான்சிஸ்டரில், ஆண்டுக்கணக்காக ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. நன்றியின் பெரும்பங்கு அந்த அம்மாவுக்கும், விடியாத நேரத்தில் அவருக்காக ஒலிபரப்பிய நிலையங்களுக்கும் உரியது.

சித்தாவ்சின்யோ–ஷொரொரோ சகோதரர்களின் ‘ஃபியோ த கபேலோ’ 1982-இல் பெருவெற்றி பெற்ற பிறகு செர்த்தனேஜா பண்பலைக்கும் பெரிய அரங்குகளுக்கும் குடியேறியது. இன்று பிரேசிலின் வணிக இசையில் முதலிடம் அதற்குத்தான். அந்தக் கதை எனக்கு அவ்வளவாக உவப்பானதன்று, அதை வேறு யாராவது எழுதட்டும்.

இந்த இசையைக் கேட்டுப் பார்க்க விரும்பும் நண்பர்கள் இன்றைய வெற்றிப் பாடல்களிலிருந்து தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் தோனிக்கோ–தினோக்கோ, பிறகு தியாவோ கரெய்ரோ–பார்தின்யோ, அதன்பின் மிலியனாரியோ–ஜோசே ஹிக்கோ என்ற வரிசையில் கேளுங்கள். போர்த்துக்கீசியம் தெரியாதது ஒரு தடையே இல்லை. முதல்முறை மெட்டோடு போங்கள். இரண்டாம் முறை முதற்குரலை விட்டுவிட்டு, கீழே நடக்கும் இரண்டாம் குரலை மட்டும் தொடர்ந்து பாருங்கள். இயன்றால் தலையணி ஒலிப்பானைக் கழற்றிவிட்டு, கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியிலேயே, அடுப்படியில் வைத்துக் கேளுங்கள்.