"பிள்ளை ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் என் மகளைத் தாண்டிப் போன ஆள் இந்த வாரம் யாருமே இல்லை. கீரைக்கார அம்மா கேட்டார், மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத மனுஷர் கேட்டார், பேருந்தில் பக்கத்து சீட்டுப் பெண்மணி அவள் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார், வீடியோ காலில் பெரியப்பா கேட்டார். எல்லோரும் கேட்பது என்னிடம்தான். பக்கத்திலேயே அவளைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அப்பா நிற்பார். அவரிடம் "பாப்பா இன்னைக்கு என்ன சாப்பிட்டா?" என்று இரண்டு வருஷத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்பார்கள், என்னிடம் "சாப்பாடு ஒழுங்கா குடுக்குறியா?" என்பார்கள்.

பாப்பாவுக்குப் போன மாதம்தான் இரண்டு வயது முடிந்தது. எடை 10.4 கிலோ. நாள் முழுக்க ஓடுகிறாள், மாடிப்படியைப் பிடிக்காமல் ஏறப் பார்க்கிறாள், எதிர்வீட்டு நாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், ராத்திரி பத்து மணிக்கும் தூங்க மாட்டேன் என்று கட்டிலில் குதிக்கிறாள். காய்ச்சல், சளி என்று எதுவும் இல்லை. இதெல்லாம் யார் கண்ணிலும் படுவதில்லை. கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், விரலுக்குள் சதை சிக்கவில்லை என்றால் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 11.5 கிலோ. 9 கிலோவிலிருந்து 14.8 கிலோவுக்குள் எங்கே இருந்தாலும் இயல்புதான். இதைப் பெரியப்பாவிடம் சொன்னதும் "அதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கும்மா" என்றார். இல்லை பெரியப்பா. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து போட்ட கணக்கு அது, நம் டெல்லிப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். ஒரு நாள் எடையை வைத்து எதுவும் சொல்லவும் முடியாது. மாதாமாதம் அவளுடைய கோடு எப்படிப் போகிறது, திடீரென்று கீழே இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் அதைத்தான் பார்க்கிறார். எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்து, "அதே கோட்டுலதான் போறா, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லி அனுப்புகிறார். எடை போட்டுப் பார்க்கிற ஒருவர் கவலைப்படவில்லை, எடையே தெரியாத அத்தனை பேரும் கவலைப்படுகிறார்கள்!

பிறந்தபோது 2.8 கிலோ இருந்தாள். ஒரு வயதில் 8.3. அதற்கப்புறம் ஒரு முழு வருஷத்தில் ஏறியது இரண்டு கிலோ சொச்சம்தான். முதல் வருஷத்தில் பிறந்த எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், இரண்டாவது வருஷத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும், எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான். வளர்கிற வேகம் குறைகிறபோது பசியும் குறையும். ஒரு நாள் மூன்று இட்லியை அமுக்குவாள், மறுநாள் அரை இட்லியோடு எழுந்து ஓடிவிடுவாள். உயரம் ஏறுகிறது, நடை ஓட்டம் கூடுகிறது, கைக்குழந்தையாக இருந்தபோது இருந்த மடிப்பு மடிப்பான சதை கரைகிறது. அதைத்தான் எல்லோரும் இளைப்பு என்கிறார்கள். வளர்வதைப் பார்த்து இளைத்துவிட்டாள் என்று சொன்னால் நான் என்னதான் செய்ய?

சொல்லிவிட்டுப் போனால்கூட சரி, காதில் வாங்காமல் இருந்துவிடலாம். சொல்லிவிட்டு அவர்களே வைத்தியமும் பார்க்கிறார்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலை பதினொன்றரை மணி. அடுப்பில் பாசிப்பருப்பு வெந்துகொண்டிருந்தது, முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்திருந்தேன். பாப்பா வாசல் திண்ணையில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா வந்தார், நல்ல மனுஷி, அவசரத்துக்கு ஓடி வருகிறவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "ஐயோ, எலும்பும் தோலுமா ஆயிட்டாளே" என்று சொல்லிக்கொண்டே ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து முழுசாக அவள் கையில் கொடுத்துவிட்டார். நான் சமையலறையிலிருந்து வெளியே வருவதற்குள் அவள் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கிற கிரீமை நக்கிவிட்டு, வெறும் பிஸ்கட்டைத் தரையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். பாக்கெட்டை வாங்கினேன், ஊரைக் கூட்டி அழுதாள். "பிள்ளை ஆசையா சாப்பிடுறதைப் புடுங்குறியே" என்று அக்கா என்னைக் கண்டித்தார்.

பன்னிரண்டரைக்குப் பருப்பு சாதத்தில் நெய் விட்டு, கீரையை மசித்துப் பிசைந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாயைத் துப்பினாள், இரண்டாவதுக்கு வாயே திறக்கவில்லை, மூன்றாவது உருண்டை என் புடவையில் விழுந்தது. வேடிக்கை காட்டினேன், காக்காவைக் கூப்பிட்டேன், அவள் கையிலேயே கிண்ணத்தைக் கொடுத்துப் பார்த்தேன். வயிற்றில் சர்க்கரையை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குப் பசி எங்கிருந்து வரும்? இந்த அழுகைச் சத்தம் கேட்டு அதே அக்கா எட்டிப் பார்த்து, "சாப்பிட மாட்டேங்குறாளா? அதான் இளைச்சுட்டா" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை என்பது தெரியும். தான் கொடுத்த பிஸ்கட்டுக்கும் இந்தக் கிண்ணத்துச் சோறு அப்படியே இருப்பதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்றே அவருக்குத் தோன்றவில்லை, அதுதான் என்னை அழ வைத்தது. இளைத்துவிட்டாள் என்று சொல்லி இனிப்பைக் கொடுப்பது, அதனால் அவள் சோறு சாப்பிடாமல் போவது, சோறு சாப்பிடாததால் இளைத்துவிட்டாள் என்று சொல்வது! இந்தச் சுழலுக்குள் வாரம் பூராவும் நான் மட்டும் நின்றுகொண்டு தட்டை ஏந்திக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வயதுக்குள் சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டமும் இனிப்புப் பானமும் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இதைச் சொல்லி இரண்டு வருஷம் எப்படியோ தள்ளினேன். பிறந்தநாள் முடிந்த மறுநாளே "அதான் ரெண்டு முடிஞ்சிடுச்சே" என்று சாக்லேட்டோடு வந்து நிற்கிறார்கள். இரண்டு வயது வரை நாக்குக்குச் சோற்றின் ருசியும் காயின் ருசியும் பழகட்டும் என்றுதானே இவ்வளவு பாடுபட்டோம், ஒரே வாரத்தில் கொட்டிக் கவிழ்க்கவா?

அப்புறம் அந்த டப்பா. கணவரின் மாமா ஒருவர் பெரிய டப்பாவாக 'ஹெல்த் டிரிங்க்' மாவு வாங்கி வந்து, "இதைப் பால்ல கலந்து மூணு வேளை குடு, ஒரே மாசத்துல தேறிடுவா" என்றார். அந்த டப்பாவின் பின்பக்கத்தை வாங்கினவரோ விற்றவரோ படித்துப் பார்த்திருப்பார்களா? 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே 2006-ஆம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை, அந்தப் பெயரில் இவற்றைப் பட்டியலிடாதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணையக் கடைகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. மூன்று வேளைப் பால் என்பதும் தப்பு. இந்த வயதில் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டிப் பால் போனால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், பாலில் இரும்புச் சத்தும் மிகக் குறைவு, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதையும் அது குறைக்கும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூன்றில் இரண்டு பிள்ளைகள்! அக்கறை இருப்பவர்கள் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா என்று கேளுங்கள், டாக்டர் இரும்புச் சத்து சிரப் எழுதிக் கொடுத்தாரா என்று விசாரியுங்கள். கொழுகொழுவென்று இருக்கிற குழந்தைக்கும் ரத்தசோகை இருக்கும், ஆனால் அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு எல்லோரும் நல்ல பெயர் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

என் மாமியாரோடு மட்டும் இந்த விஷயத்தில் என்னால் சண்டை போட முடியவில்லை. பாப்பாவுக்கு அவர் அப்பாயி, அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறார். அவருடைய தங்கை ஒருத்தி இரண்டு வயதில் வயிற்றுப்போக்கில் செத்துப்போனாள். அந்தக் காலத்தில் பிள்ளையின் உடம்பில் கொஞ்சம் சதை இருந்தால்தான் ஒரு காய்ச்சலையோ பேதியையோ தாங்கும், இல்லாவிட்டால் போய்விடும். அந்தப் பயம் அவர் கையில் இன்னும் இருக்கிறது, அதனால்தான் பாப்பா வாயை மூடிக்கொண்டால் அவருக்குப் படபடவென்று வருகிறது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னால் அவர் கேட்கவும் செய்கிறார், இப்போதெல்லாம் பாப்பா தலையைத் திருப்பினால் "சரி விடு, பசிச்சா கேப்பா" என்கிறார். பசியே பார்த்திராத சின்ன மாமியாரும் பெரியப்பாவும்தான் கேட்பதில்லை. "ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு ஊத்து", "போனைக் காட்டு, வாய் தன்னால தொறக்கும்" என்று சொல்வதெல்லாம் இவர்கள்தான். போனைப் பார்த்து வாயைத் திறக்கிற குழந்தைக்கு என்ன தின்கிறோம், எவ்வளவு தின்கிறோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்தது என்பதும் தெரியாது. போதும் என்று சொல்லத் தெரிகிற குழந்தையை, அதை மறக்கும்படி பழக்கச் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை துறையூர் பக்கம் குலதெய்வக் கோயிலில் சொந்தக்காரப் பையனுக்குக் காதுகுத்து. கிடாவெட்டு, பந்தல், மைக் செட், கூட்டம். பாப்பாவை ஒவ்வொருவராகக் கை மாற்றித் தூக்கினார்கள், ஒவ்வொரு கையும் அவள் எடையை நிறுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. நான் பந்தியில் இலை போட உதவிக்கொண்டிருந்தேன். ஒரு தாத்தா அவளை மடியில் வைத்துக்கொண்டு, கடலை உருண்டையை உடைத்து ஒரு துண்டை அவள் வாயில் திணித்திருக்கிறார். இருமினாள். நான் திரும்பிப் பார்த்தபோது முகம் சிவந்திருந்தது, அப்புறம் இருமல் சத்தமே நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. ஓடிப்போய்ப் பிடுங்கி, மடியில் குப்புறச் சாய்த்துத் தலையைத் தாழ்த்தி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஓங்கித் தட்டினேன். எத்தனை தட்டு என்று தெரியாது. ஒரு முழுக் கடலை எச்சிலோடு மண்ணில் விழுந்தது, அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நான் தட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் பின்னாலிருந்து ஒரு குரல், "உச்சந்தலையில தட்டு, யாரோ நினைக்கிறாங்க."

கடலை நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுசாகவோ துண்டாகவோ கொடுக்கவே கூடாத பொருள். அரைக்கிற கடைவாய்ப் பல் முழுசாக முளைத்திருக்காது, மூச்சுக்குழாய் சிறியது, உள்ளே போனால் அடைத்துக்கொள்ளும். இதைக் கைநடுங்க நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்ன மாமியார் சொன்னார்: "பிள்ளைக்கு உடம்புல தெம்பே இல்ல, அதான் முழுங்க முடியல. நல்லா சாப்பாடு குடு."

அந்த இடத்தில் கத்திவிட்டேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. மரியாதை தெரியாதவள் என்று இப்போது வாட்ஸ்அப் குடும்பக் குழு முழுக்கப் பேச்சு. பேசட்டும். மூச்சு நின்றுபோகப் பார்த்த குழந்தையைவிட ஒரு பெரியவரின் மனம் புண்பட்டது பெரிய சேதியாகிவிட்டது அவர்களுக்கு.

2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயதுவரை உள்ளவர்களில் வீட்டு ஆட்களைப் பராமரிக்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 140 நிமிடம் செலவிடுகிறார்கள், பராமரிக்கிற ஆண்கள் 74 நிமிடம். அந்த 140 நிமிடத்தில் எவ்வளவு நேரம் இப்படி வந்து போகிறவர்களுக்குப் பதில் சொல்வதிலும், அவர்கள் கொடுத்ததைப் பிடுங்குவதிலும், அழுகிற பிள்ளையைத் தேற்றுவதிலும் போகிறது என்று எந்த ஆய்வும் கணக்கெடுக்காது.

எனவே குடும்பக் குழுவில் போட்டதையே இங்கேயும் போடுகிறேன். என் மகளைப் பார்க்க வாருங்கள், தூக்குங்கள், கொஞ்சுங்கள், கதை சொல்லுங்கள். எதையாவது வாங்கி வந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு சீப்பு வாழைப்பழமோ நாலு முட்டையோ வாங்கி வாருங்கள். என்னிடமோ அவள் அப்பாவிடமோ கேட்காமல் அவள் வாயில் எதையும் வைக்காதீர்கள். கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் எதுவும் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டாம். அவள் எடையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் அவள் அப்பாவிடம் கேளுங்கள், எடை அட்டை இப்போது அவரிடம்தான் இருக்கிறது. அடுத்த மாதம் அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போகப்போவதும் அவர்தான்.